படம் போச்சு... கணக்கு போகலை!



இந்தப் பகுதியில் குழந்தை வளர்ப்பு, மாமியார் மருமகள் மனத்தாங்கல், குடும்பச் சிக்கனம் என்று எத்தனையோ அனுபவங்களைப் படித்து ரசித்திருக்கிறேன். நான் எழுத வந்திருப்பது ஒரு சின்னப் படத்தைப் பற்றி. கட்டை விரல் நகம் அளவுதான் இருக்கும். அது காணாமல் போன அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. "ஒரு படத்துக்கா இந்தப் பாடு?" என்று நீங்கள் சிரிக்கலாம். முழுதும் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

நான் பிறந்து வளர்ந்தது ராயபுரம். வாழ்க்கைப்பட்டு வந்தது திருவொற்றியூர். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. என் கணவர் எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2019ஆம் ஆண்டு, மகனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துப் புறப்படும் முன், வீட்டில் இருந்த கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி வைத்து, "அம்மா, இனிமே இது உனக்குத்தான்" என்றான்.

"எனக்கு இன்னாடா தெரியும்?" என்றேன்.

"ஒண்ணும் தெரிய வேணாம்மா. இந்தப் படத்தை ரெண்டு தட்டு தட்டு. உன் கணக்கு திறக்கும்" என்றான்.

திரையில் நட்ட நடுவே பச்சை நிறத்தில் ஒரு படம். அதன் கீழே 'குழு கணக்கு' என்று தமிழில் பெயர். அன்றிலிருந்து ஆறு வருஷம், கம்ப்யூட்டர் என்றால் எனக்கு அந்தப் பச்சைப் படம்தான்.

குழு என்று சொன்னது எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவை. நம் தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கி, ஊர் ஊராகப் பரவியவை என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். எங்கள் குழுவில் 14 பேர். காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருவில் கூவி விற்பவர்கள் மூன்று பேர், இட்லிக் கடை போட்டிருப்பவர் ஒருவர், தையல் தைப்பவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், என்னைப் போல வீட்டோடு இருப்பவர்கள். மாதா மாதம் சேமிப்பு, உள் கடன், வங்கிக் கடன், வட்டி, அபராதம் எல்லாம் எழுத வேண்டும். "நீதான் பத்தாவது படிச்சவ" என்று கணக்கு என் தலையில் விழுந்தது.

முதலில் எல்லாம் நோட்டுப் புத்தகத்தில்தான். அதைப் பார்த்துப் பார்த்து நான் கம்ப்யூட்டரிலும் ஏற்றி வருவேன். நோட்டுகள் எர்ணாவூரில் இருக்கும் தலைவி அக்கா வீட்டு மரப் பெட்டியில் இருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது எண்ணூர் பக்கம் வெறும் வெள்ளம் வரவில்லை. எண்ணெய் கலந்த வெள்ளம் வந்தது. எண்ணூர் கழிமுகத்தில் படகு, வலை, அலையாத்தி மரங்கள் எல்லாவற்றிலும் கறுப்பு எண்ணெய் அப்பிக்கொண்டதைத் தொலைக்காட்சியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். தலைவி அக்கா வீட்டுக்குள்ளும் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு பெட்டியைத் திறந்தால், நோட்டுகள் எல்லாம் ஒட்டிக்கொண்டு கறுப்புக் களிம்பாகக் கிடந்தன. ஒரு பக்கத்தைக்கூடப் பிரிக்க முடியவில்லை.

அன்று எல்லோரும் தலையில் கை வைத்தபோது, "கவலைப்படாதீங்க, கம்ப்யூட்டர்ல இருக்குது" என்று நான் சொன்ன வார்த்தைதான் அத்தனை பேர் வயிற்றிலும் பால் வார்த்தது. அதற்குப் பிறகு நோட்டு எழுதுவதே நின்றுபோயிற்று. எல்லாம் அந்தப் பச்சைப் படத்துக்குள்ளேதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் கம்ப்யூட்டரில் இருந்தது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. கம்ப்யூட்டர் வேலை செய்வது நிற்காது, ஆனால் வைரஸ் போன்றவற்றைத் தடுக்கும் பாதுகாப்பு வழக்கம்போல் வந்துகொண்டிருக்காது என்று பத்திரிகையில் படித்தேன். குழுப் பணக் கணக்கு இருக்கிற பெட்டியாயிற்றே என்று பயம் வந்துவிட்டது. தீபாவளி முடிந்ததும், தெரிந்த ஒரு கடைப் பையனைக் கூப்பிட்டேன். "ஆன்ட்டி, புதுசா 11 போட்டுடலாம், உங்க மிஷினுக்கு ஏத்துக்கும்" என்றான். புதன்கிழமை எடுத்துப் போய், வியாழக்கிழமை கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனான்.

திறந்து பார்த்தேன். நீல நிறத்தில் துணியை மடித்த பூ மாதிரி ஒரு படம். இடது கோடியில் இருந்த ஸ்டார்ட் பொத்தான் நடுவில் வந்து உட்கார்ந்திருந்தது. மூலையில் குப்பைத் தொட்டி, பக்கத்தில் இன்டர்நெட் படம் ஒன்று. அவ்வளவுதான். என் பச்சைப் படம் இல்லை.

பையனுக்குப் போன் செய்தேன். "ஐகான்லாம் போயிருக்கும் ஆன்ட்டி, புது சிஸ்டம்ல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். புது வீட்டுக்குக் குடி போனவளிடம், "பழைய வீட்டுச் சாமான் எல்லாம் போயிருக்கும்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது எனக்கு.

மறு ஞாயிறு குழுக் கூட்டம். வங்கியில் புதுக் கடனுக்குப் பழைய வரவு செலவு கேட்டிருந்தார்கள். சேதியை எப்படியோ தெரிந்துகொண்டு, வெள்ளிக்கிழமை காலையிலேயே மீன்காரக்கா கூடையோடு வாசலில் வந்து நின்றது.

"இன்னாக்கா, நம்ம துட்டுக் கணக்கு அழிஞ்சிபோச்சாமே?"

"அழியலக்கா. படத்தைத்தான் காணோம்."

"படம் இல்லாத இடத்துல கணக்கு எப்டி இருக்கும்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால் எனக்கும் அதே சந்தேகம்தான். அந்த அக்கா கோபமாகக்கூடப் பேசவில்லை. "தண்ணில போனதுக்கு யாரும் பொறுப்பில்ல. இது உன் கையில இருந்துச்சே" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. 14 பேர் வியர்வைப் பணம். பன்னிரண்டு மாதமும் வெயிலில் நின்று சேர்த்தது. அன்று ராத்திரிதான் எனக்குச் சோறு இறங்காதது.

மகனுக்குச் சொல்லவும் வெட்கம். "ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக் கூடாதா?" என்பான். கடைசியில் என் கணவர்தான் போனைப் போட்டுக் கையில் கொடுத்தார். நான் அழுகிற குரலில் சொன்னதைக் கேட்டுவிட்டு, அவன் கேட்ட முதல் கேள்வி:

"அம்மா, அந்தப் பச்சைப் படத்துல, கீழ இடது மூலையில, ஒரு சின்ன அம்புக்குறி இருந்துச்சே, ஞாபகம் இருக்குதா?"

ஞாபகம் இல்லாமல் என்ன? திரையில் ஏதோ அழுக்கு ஒட்டியிருக்கிறது என்று புடவைத் தலைப்பால் எத்தனையோ முறை துடைத்திருக்கிறேன்!

"அம்புக்குறி இருந்துச்சுன்னா அது ஷார்ட்கட்மா. அது கணக்கு இல்ல. கணக்கு இருக்கிற இடத்துக்குப் போற வழி. வழிதான் போச்சு. கணக்கு இருக்கும்."

அது மனசில் பதிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு சட்டென்று ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மெட்ரோ ரயில் வேலை நடந்தது. 2021 பிப்ரவரி 14இல் விம்கோ நகர் வரை ரயில் ஓடத் தொடங்கும் வரை எங்கே பள்ளம், எங்கே தடுப்பு என்று தினம் ஒரு மாதிரி இருக்கும். வடிவுடையம்மன் கோயிலுக்கு நான் வழக்கமாகச் சாலையைக் கடக்கும் இடத்தில் ஒரு நாள் தகரத் தடுப்பை வைத்துவிட்டார்கள். திகைத்துப் போய் வீட்டுக்குத் திரும்பி வந்தேன். அதற்காகக் கோயில் எங்கேயாவது போய்விட்டதா? சுற்றிப் போனால் அம்மன் அங்கேதான் இருந்தாள். நம் ஊரில் குறுக்குச் சந்து என்கிறோமே, ஷார்ட்கட் என்றால் அதுதான்.

இந்தப் படங்களே நம்மைப் போன்றவர்களுக்காக வந்தவைதானாம். ஒரு காலத்தில் கம்ப்யூட்டரில் எதைத் திறக்கவும் கட்டளைகளை மனப்பாடமாக அடிக்க வேண்டும். மேஜை மேல் காகிதம், கோப்பு இருப்பதுபோல் திரையில் படங்களைக் காட்டுகிற முறை 1981இல் ஜெராக்ஸ் ஸ்டார் என்ற கம்ப்யூட்டரில் விற்பனைக்கு வந்தது. 1984இல் ஆப்பிள் மெக்கின்டாஷ் அதைப் பலரிடம் கொண்டு சேர்த்தது. ஸ்டார்ட் பொத்தானும், அம்புக்குறி போட்ட இந்த ஷார்ட்கட்டும் 1995இல் விண்டோஸ் 95 உடன் வந்தவை. மகன் சொல்லச் சொல்ல, "இவ்வளவு நாள் இதெல்லாம் யார் சொன்னா?" என்று கேட்டேன். "நீ எங்கம்மா கேட்ட?" என்றான். அதுவும் சரிதான்.

வீடியோ காலில் போனைத் திரைக்கு நேராக என் கணவர் பிடித்துக்கொள்ள, மகன் வழி சொன்னான். விண்டோஸ் படம் போட்ட பொத்தானோடு ஆங்கில 'ஈ' எழுத்தைச் சேர்த்து அழுத்தினேன். ஒரு ஜன்னல் திறந்தது. அதில் சி டிரைவ், டி டிரைவ் என்று இரண்டு இருந்தன. ஒரே வீட்டில் இரண்டு அறை மாதிரி. சி என்பது விண்டோஸ் குடியிருக்கும் அறை. புதிதாகப் போடும்போது அந்த அறையைத்தான் கலைத்துக் கட்டுவார்கள். நம் கண்ணுக்கு எதிரே தெரிகிற டெஸ்க்டாப்பும் அந்த அறையில்தான் இருக்கிறதாம். மகன் முன்யோசனையோடு கணக்கை டி அறையில் வைத்துவிட்டு, சி அறையில் அதற்கு வழிகாட்டும் பலகையை மட்டும் மாட்டியிருந்தான். டி-யைத் திறந்தேன். 'குழு கணக்கு' அங்கேதான் இருந்தது!

அதோடு கதை முடியவில்லை. இரண்டு தட்டு தட்டினால் திறக்கவில்லை. எதில் திறப்பது என்று கம்ப்யூட்டர் என்னையே கேட்டது. விண்டோஸைப் புதிதாகப் போட்டதால், கணக்குப் போடும் மென்பொருளும் பழைய அறையோடு போயிருந்தது. அரிசிப் பானை கிடைத்தது, மூடியைத் திறக்க முடியாத கதை! காசு கொடுக்காமலே கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் என்ற மென்பொருளை இறக்கிப் போடச் சொன்னான் மகன். எக்ஸெல்லில் எழுதிய கணக்கை அதிலும் திறக்கலாமாம். ராத்திரி பதினொன்றரை மணிக்கு, 14 பேர் பெயரும் வரிசையாகத் திரையில் வந்தபோது, நான் அந்தத் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். என் கணவர் சிரித்தார். சிரிக்கட்டும்!

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தாள்களை அச்செடுத்துப் போய் வைத்தேன். மீன்காரக்கா தன் கணக்கை விரல் வைத்துக் கேட்டுக் கேட்டுச் சரிபார்த்துவிட்டு, "ஒரு ரூபாகூட நகரல" என்றது. எனக்கு அதுவே பெரிய பட்டம்.

சகோதரிகளே, இத்தோடு நிறுத்தியிருந்தால் இது சும்மா ஒரு வேடிக்கைக் கதை. அடுத்த புதன்கிழமை நடந்ததுதான் எனக்கு நிஜமான பாடம்.

அன்று மகள் போன் செய்தாள். "அம்மா, ஆயாவோட கொழம்பு மிளகாத்தூள் அளவு சொல்லேன், மிஷினுக்குக் கொண்டுபோறேன்" என்றாள். என் மாமியார் 2021இல் காலமானார். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, வஞ்சிரம் வறுவல், சுறாப் புட்டு என்று அந்தக் கைக்கு ஈடு கிடையாது. அவர் படுக்கையில் இருந்த காலத்தில், பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தேன். "மிளகா அரை கிலோன்னா, தனியா முக்கால் கிலோ போடு. வெந்தயம் கை நெறைய அள்ளிடாத, கசக்கும்" என்று அவர் பேசினபடியே அடித்து வைத்திருந்தேன். 'அத்தை' என்று பெயர். அதுவும் திரையிலேதான், பச்சைப் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அந்தக் களேபரத்தில் அதை நான் தேடவே இல்லை.

"இரு, எடுத்துச் சொல்றேன்" என்று தைரியமாக உட்கார்ந்தேன். இப்போதுதான் வழி தெரியுமே! டி டிரைவைத் திறந்தேன். இல்லை. மேலும் கீழும் தேடினேன். இல்லை.

மகனைக் கூப்பிட்டேன். "அந்தப் படத்துல அம்புக்குறி இருந்துச்சா?" என்று கேட்டான். யோசித்துப் பார்த்தேன். இல்லை. அதில் நான் அழுக்கைத் துடைத்த ஞாபகமே இல்லை. அவன் குரல் மாறிவிட்டது. "அம்மா, அம்புக்குறி இல்லைன்னா அது வழி இல்ல, அதுதான் பொருளே. டெஸ்க்டாப்லயே, சி-லயே இருந்திருக்கு. விண்டோஸ் என்னிக்குப் போட்டாங்க?"

விரல் விட்டு எண்ணினேன். போன புதன்கிழமை. அன்றோடு எட்டாம் நாள்.

பழைய விண்டோஸ் இருந்த இடத்தை முழுதும் அழிக்காமல் அதன் மேலேயே புதிதைப் போட்டால், பழையதை எல்லாம் 'விண்டோஸ்.ஓல்டு' என்ற பெயரில் ஒரு மூட்டையாகக் கட்டி, சி டிரைவிலேயே ஓர் ஓரமாக வைத்திருக்குமாம். பொதுவாக 10 நாள் ஆனதும் அந்த மூட்டையைக் கம்ப்யூட்டர் தானாகவே தூக்கி எறிந்துவிடுமாம். கடைப் பையன் முழுதும் அழித்துப் போட்டிருந்தால் அந்த மூட்டையே இருக்காது.

கை நடுங்க சி டிரைவைத் திறந்தேன். இருந்தது! அதற்குள் 'யூசர்ஸ்', அதற்குள் எங்கள் வீட்டுப் பெயர், அதற்குள் 'டெஸ்க்டாப்'. நடுவில் ஒரு இடத்தில் அனுமதி கேட்டது, கொடுத்தேன். அங்கே 'அத்தை' உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் இரண்டு நாள் தாண்டி மகள் கேட்டிருந்தால்? அந்தத் தூளின் அளவை ஒருவேளை நான் நினைவிலிருந்து சொல்லியிருப்பேன். "கை நெறைய அள்ளிடாத, கசக்கும்" என்ற அந்தப் பேச்சு போயிருக்கும்.

காணாமல் போனது என்று நான் அழுதது பத்திரமாக இருந்தது. இருக்கிறதா என்று நினைத்துக்கூடப் பார்க்காதது போகிற வழியில் இருந்தது. இரண்டையும் ஒரே மாதிரி படமாகத்தான் நான் ஆறு வருஷம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால் என் அனுபவத்தில் தெரிந்துகொண்டதைக் கீழே எழுதுகிறேன். உங்களுக்கும் உதவும்.

முதலில், உங்கள் திரையில் உள்ள படங்களை இன்றைக்கே ஒரு முறை உற்றுப் பாருங்கள். மூலையில் அம்புக்குறி இருந்தால் அது வழி. இல்லாவிட்டால் பெரும்பாலும் அதுவே பொருள். வழி அழிந்தால் பயமில்லை. பொருள் அழிந்தால் போச்சு.

கம்ப்யூட்டரைக் கடைக்குக் கொடுக்கும் முன், திரையை அப்படியே செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். எது எங்கே இருந்தது என்று பிறகு ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். முக்கியமானதை எல்லாம் பென் டிரைவில் ஒரு நகல் எடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். "பழையதை வெச்சுக்கிட்டே புதுப்பிக்கிறியா, எல்லாத்தையும் எடுத்துட்டுப் புதுசா போடுறியா?" என்று பையனை வாய் விட்டுக் கேளுங்கள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

வழி போய்விட்டால் திரும்பப் போட்டுக்கொள்வது சுலபம். கோப்பின் மேல் எலியின் வலது பொத்தானை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். விண்டோஸ் 11இல் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்', பிறகு 'சென்ட் டு', அதில் 'டெஸ்க்டாப்'. அவ்வளவுதான், அம்புக்குறியோடு படம் வந்து உட்கார்ந்துவிடும். கோப்பு எங்கே என்றே தெரியாவிட்டால், தேடும் கட்டத்தில் அதன் பெயரை அடித்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஒன்று உண்டு. நான் பிறந்த ராயபுரத்தில் எந்தச் சந்தில் நுழைந்தால் எங்கே வெளியே வரலாம் என்று கண்ணைக் கட்டிவிட்டால்கூடச் சொல்லுவேன். நடந்து நடந்து தெரிந்துகொண்டது அது. கம்ப்யூட்டரில் மட்டும், மகன் காட்டிய ஒரே சந்தில் ஆறு வருஷம் போய் வந்தேன். வீடு எங்கே இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அதைவிடத் தப்பு, 14 பேர் கணக்குக்கு நான் ஒருத்தி மட்டுமே வழி என்று இருந்தது.

இப்போது மாதாமாதம் கணக்கை அச்செடுத்துத் தலைவி அக்காவிடம் ஒன்று, என்னிடம் ஒன்று வைத்திருக்கிறோம். பென் டிரைவ் ஒன்று தையல்கார அக்கா வீட்டில் இருக்கிறது. குழுவில் இன்னும் இரண்டு பேருக்கு டி டிரைவைத் திறந்து கணக்கை எடுக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். அதில் ஒருத்தர் மீன்காரக்கா. எழுத்துக் கூட்டித்தான் படிக்கும். ஆனாலும் முதல் நாளே தன் பெயரைக் கண்டுபிடித்துவிட்டது.

"இந்தப் பச்சைப் படத்தை மறுபடி வெச்சிட்டியேக்கா, எதுக்கு? அதான் வழி தெரிஞ்சிபோச்சே" என்று கேட்டது.

"சீக்கிரம் போவத்தான். போனா போவட்டும், இனிமே பயமில்ல" என்றேன்.

'அத்தை'யை டி டிரைவுக்கு மாற்றிவிட்டேன். மகளுக்கும் மருமகளுக்கும் தனித் தனியாக நகல் அனுப்பிவிட்டேன். போன வாரம் மகள் செய்த கருவாட்டுக் குழம்பு வந்தது. வெந்தயம் சரியான அளவு.

அன்புடன்,
திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகி